கடல் கடந்து கண்ட கார்ப் பந்தயம்

வெளிநாடு சென்று வந்தவர் கட்டுரை எழுதினால் இலண்டனைப் பற்றியோ சிங்கப்பூரைப் பற்றியோ எழுதுவது வழக்கம். நான் சென்று வந்த வெளிநாடு திருவனந்தபுரத்திலிருந்து விமானத்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணந்தான். காரியவட்டத்திலிருந்து புனலூரில் உள்ள என் வீட்டுக்குப் பேருந்தில் போய்ச் சேருமுன் கொழும்பில் இறங்கிவிடலாம். அங்கே நான் காணச் சென்றதோ ஒரு கார்ப் பந்தயம். இதைக் கேட்டதும் விடுதி நண்பர்கள் சிரித்தார்கள். "சொந்தமாக ஒரு சைக்கிள்கூட இல்லாதவனுக்குக் கார்ப் பந்தயம் எதற்கு?" என்றார்கள். நியாயமான கேள்விதான். பள்ளிப் பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லிக் கொடுத்து இரண்டு ஆண்டுகள் சேர்த்த பணம் அந்தப் பயணத்தில் கரைந்தது. ஆகவே விடை சொல்லும் கடமை எனக்கு உண்டு.

கார்ப் பந்தயம் தமிழருக்குப் புதியதன்று. சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம் 1953இல் தோன்றியது. சோழவரத்தில் பழைய போர்க்கால விமானத் தளத்தில் கார்கள் சீறிப் பாய்ந்ததைக் கண்டவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத் தடம் வந்தது. கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா ஒன்று பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். ஆனால் நான் காண விரும்பிய பந்தயம் இவற்றினும் பழையது. இலங்கையின் நுவரெலியாவில், மாகஸ்தோட்டை என்னும் தேயிலைத் தோட்டத்துச் சரிவில், 1934இல் தொடங்கிய மலையேற்றப் பந்தயம் அது.

நுவரெலியா என்று நாம் சொல்வது என் அப்பாயியின் வாயில் 'நூரளை' ஆகும். அவர் பிறந்தது அங்கே, மாகஸ்தோட்டைக்கு எதிர்ச் சரிவில் இருந்த ஒரு தோட்டத்து லயத்தில். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர் ஆன பல இலட்சம் மலையகத் தமிழருள் அவர் குடும்பமும் ஒன்று. 1964இல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று இரு நாட்டுத் தலைவர்களும் மக்களைப் பங்கிட்டுக் கொண்டார்கள். அப்பாயி இந்தியாவின் பங்கில் வந்தார். தாயகம் திரும்பியோருக்கென்றே 1976இல் நிறுவப்பட்ட மறுவாழ்வுத் தோட்ட நிறுவனம் புனலூரில் இருக்கிறது. தேயிலைக் கொழுந்து கிள்ளிய கை அங்கே ரப்பர் மரத்தில் பால் வெட்டப் பழகியது.

அப்பாயி கதை சொல்லும்போதெல்லாம் சித்திரை மாதத்துக் கார்ச் சத்தம் ஒன்று வந்து போகும். "அன்னைக்கு ஞாயித்துக்கிழமையா இருந்தாலும் கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கப் போயிருவோம்யா. எதிர்மலையில கர்ருன்னு ஒரு சத்தம் ஏறும், அப்புறம் அடங்கிடும். கொஞ்ச நேரங் கழிச்சு இன்னொண்ணு ஏறும். ஒருநாளும் போய்ப் பார்த்ததில்லை. அந்தக் காரெல்லாம் அவ்வளவு அவசரமா எங்கேதான் போச்சு?" என்பார். இந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் நான் புறப்பட்டேன்.

கொழும்புக் கோட்டை நிலையத்தில் ரயில் ஏறினேன். அப்பாயிக்கு அது 'கோச்சி'. சமவெளியைக் கடந்ததும் பாதை வளைந்து வளைந்து மேலே ஏறுகிறது. நானுஓயா நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து பேருந்தில் நுவரெலியா சேர்ந்தேன். கடல்மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரம். திருவனந்தபுரத்து வியர்வைக்குப் பழகிய உடம்பு முதல் இரவிலேயே நடுங்கிவிட்டது.

மறுநாள் பந்தயம். தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒடுங்கிய சாலை ஒன்று வளைந்து ஏறுகிறது. பத்துக் கார்கள் முட்டி மோதிக்கொண்டு ஓடும் என்று எதிர்பார்த்தவர் ஏமாந்து போவார். ஒரு நேரத்தில் ஒரு கார் மட்டுமே புறப்படும். உச்சிக்குச் செல்ல எடுத்துக்கொண்ட நேரம் நொடியின் பின்னம் வரை குறிக்கப்படும். பிறகுதான் அடுத்த கார். ஓட்டுநரின் போட்டி அடுத்தவரோடு அன்று, மலையோடும் கடிகாரத்தோடும். இங்கிலாந்தில் 1905 முதல் நடந்துவரும் ஷெல்ஸ்லி வால்ஷ் பந்தயமும் இவ்வகையே. தேயிலையைப் போலவே இந்த விளையாட்டையும் ஆங்கிலேயர்தாம் இந்த மலைக்குக் கொண்டுவந்தனர்.

மலைக்காற்று மெலிந்தது. அந்த உயரத்தில் அதன் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. உயிர்வளி குறைவதால் சாதாரண எஞ்சினுக்கு மூச்சு வாங்குகிறது. காற்றை அழுத்தி ஊட்டும் டர்போ பூட்டிய கார் அந்தக் குறையை ஈடுசெய்துகொள்கிறது. சின்னஞ்சிறு மினிக் கார் ஒன்று வளைவில் ஒரு சக்கரம் தரையில் பாவாமல் திரும்பியபோது கூட்டம் ஆரவாரித்தது, நானும் ஆரவாரித்தேன். அழகான காட்சி என்பதை மறைப்பானேன்? அபாயமான காட்சியும் அதுவே. 2024 ஏப்ரல் 21இல் தியத்தலாவையில் நடந்த ஃபாக்ஸ் ஹில் பந்தயத்தில் தடம் விலகிய ஒரு கார், ஓரத்தில் நின்றவர்கள்மீது பாய்ந்து ஏழு உயிர்களைக் கொண்டுபோயிற்று. வேகத்தை விரும்புகிறவர்கள் வேலியையும் விரும்பக் கற்க வேண்டும்.

கார்கள் ஓய்ந்த இடைவேளையில் என் பார்வை எதிர்ச் சரிவுக்குப் போயிற்று. அங்கே வண்ணப் புள்ளிகளாகச் சில பெண்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். கையிலிருந்த தாளில் ஒரு கணக்குப் போட்டேன். 1,000 கிலோ எடையுள்ள கார் 100 மீட்டர் உயரம் ஏறினால், புவியீர்ப்பை எதிர்த்து அது செய்யும் வேலை 9,80,000 ஜூல். ஒரு நிமிடத்தில் ஏறிவிட்டால், அதற்கு மட்டும் 22 குதிரைத்திறன் வேண்டும். 50 கிலோ எடையுள்ள பெண் 15 கிலோ கொழுந்தோடு அதே உயரம் ஏறினால் ஏறக்குறைய 64,000 ஜூல். நாளைக்கு ஐந்து முறை ஏறினால், கார் ஒரு நிமிடத்தில் செய்த வேலையை அவள் மூன்று நாளில் செய்து முடிக்கிறாள். காருக்குக் கடிகாரம் பிடிக்க ஆள் இருக்கிறது. அவளுக்கு இருப்பது கொழுந்து நிறுக்கும் தராசு ஒன்றே.

பந்தயக்காரர்மீது எனக்குக் கோபம் இல்லை. ஓட்டியவர்களுள் தமிழ் பேசியோரும் இருந்தார்கள். கூட்டத்தில் நின்ற தோட்டத்து இளைஞர்கள் ஒவ்வொரு காரின் எஞ்சினையும் என்னைவிட நன்றாக அறிந்திருந்தார்கள். அப்பாயி காதால் மட்டும் கேட்டதை அந்தப் பிள்ளைகள் முன்வரிசையில் நின்று கண்ணால் காண்கிறார்கள். 2003ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் அந்த நாட்டின் குடிமக்களாகவும் நிற்கிறார்கள். இது சிறிய மாற்றம் அன்று.

ஊர் திரும்பியதும் அப்பாயியிடம் விடை சொன்னேன்: "எங்கேயும் போகலை அப்பாயி. உச்சிக்குப் போய்விட்டு மறுபடி கீழேதான் வருது." அவர் வெகுநேரம் சிரித்தார். "இதுக்குத்தானா அவ்வளவு சத்தம்? நாங்களுந்தான் தினம் அப்படி ஏறி எறங்கினோம்!" என்றார். பிறகு, "ரோடு எப்படியிருக்கு?" என்று கேட்டார். அந்த மலைச்சாலைகளில் கல் சுமந்தவர்களுள் தம் தகப்பனாரும் ஒருவர் என்று அன்றுதான் சொன்னார். கார்களைப் பற்றி ஆண்டுக்கணக்கில் பேசிய வாய், அந்தச் சாலையைப் பற்றி அதுவரை பேசியதில்லை. நான் கேட்டதும் இல்லை. போய்ப் பார்த்திராவிட்டால் அந்தப் பேச்சு எழுந்திருக்கவும் வாய்ப்பில்லை.

மாணவ நண்பர்களே! நம் சங்கத்தில் செங்கோட்டையார் உண்டு, நாகர்கோவிலார் உண்டு, மூணாற்றுத் தோட்டத்துப் பிள்ளைகளும் உண்டு. நம் வீட்டுப் பெரியவர்கள் எந்த மலையில் சாலை வெட்டினார்கள், எந்தத் துறைமுகத்தில் சுமை இறக்கினார்கள் என்பதை நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? கேட்டால் சொல்லுவார்கள். கேட்டபின், கையில் பணம் சேர்ந்தால், அந்த இடத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள். போவதற்குக் கார்ப் பந்தயம் ஒரு சாக்கானாலும் குற்றமில்லை.