சாலார் ஜங் வாசலில் செஸான்

மணி பன்னிரண்டை நெருங்குகிறது. ஹைதராபாத்தில் மூசி நதியின் தென்கரையில் இருக்கும் சாலார் ஜங் மியூசியத்தின் முற்றத்தில் பெரிய கூட்டம். கடிகாரத்துக்குள்ளிருந்து தாடிக்காரப் பொம்மை ஒன்று வெளிவந்து பன்னிரண்டு முறை மணியடித்துவிட்டு உள்ளே போகிறது. கைதட்டல். பிறகு எல்லோரும் முக்காட்டுக்குள் முகம் தெரியும் பளிங்கு ரெபெக்காவைப் பார்க்கக் கிளம்புகிறார்கள். ஐரோப்பிய ஓவியங்கள் உள்ள பகுதிக்கு அவ்வளவு கிராக்கி இல்லை.

சேகரிப்பின் பெரும்பகுதி மூன்றாம் சாலார் ஜங், நவாப் மீர் யூசுஃப் அலி கானுடையது. 1912 முதல் 1914 வரை நிஜாமின் திவான். பதவி போன பிறகு 1949ல் சாகும்வரை, வாங்கிக் குவிப்பதே வாழ்க்கை. திருமணமே செய்துகொள்ளவில்லை.

1936 கடைசியில் அவரது மாளிகைக்குத் தன் ஓவியங்களுடன் வந்தார் 23 வயது அம்ரிதா ஷெர்கில். தந்தை சீக்கியர், தாய் ஹங்கேரியர். 1929லிருந்து ஐந்தாண்டுகள் பாரிஸில் படித்தவர். அப்போதுதான் அஜந்தாவைப் பார்த்துவிட்டு வந்திருந்தார் (அஜந்தா அன்று நிஜாமின் ராஜ்யத்தில்தான் இருந்தது). நவாப் ஓவியங்களை வைத்திருந்து பார்த்தார். வாங்காமல் திருப்பி அனுப்பிவிட்டார். அம்ரிதாவும் சும்மா இருக்கவில்லை. லெய்ட்டன், பூகெரோ, வாட்ஸ் என்று வாங்கியவருக்கு செஸானையும் வான்கோவையும் ரசிக்கத் துணிச்சல் எப்படி வரும் என்று நண்பருக்கு எழுதினார். அந்தச் சேகரிப்பே அவருக்குக் குப்பையாகத்தான் பட்டது. அங்குள்ள பச்சைக்கல் வேலைப்பாடுகளையும் ஏட்டுச் சுவடிகளையும் பார்த்தவர்கள் இதை ஒப்ப மாட்டார்கள். ஓவியத்தைப் பொறுத்தவரை விஷயம் வேறு.

ஏனென்றால் இது பழைய பாரிஸ் சண்டை. பால் செஸான் 1839ல் தென் பிரான்ஸின் எக்ஸ் நகரில் பிறந்தவர். வங்கி முதலாளியான அப்பாவின் விருப்பத்துக்காகச் சட்டம் படித்து, பாதியில் விட்டவர். தூரிகைத் தடமே தெரியாமல் வழவழவென்று வரையும் பூகெரோ கொடிகட்டிப் பறந்த 'சலோன்' கண்காட்சி, செஸானை வருடா வருடம் நிராகரித்தது. ஒரே முறை, 1882ல், நடுவராக இருந்த நண்பர் தயவில் இடம் கிடைத்தது. முதல் தனிக் கண்காட்சி நடந்தபோது வயது 56. ஊரோர மலையான செந்த் விக்த்வாரையும் மேஜைமேல் ஆப்பிள்களையும் அலுக்காமல் வரைந்தார். கோடு போட்டு நிறம் பூசுவதல்ல அவர் வழி. செங்கல் அடுக்குவதுபோல் நிறத்தை அடுக்கியே உருவத்துக்குக் கனம் தந்தார். நிழல்கூடக் கறுப்பாக இல்லாமல் நீலமாக விழும். 1906ல் வெட்டவெளியில் வரைந்துகொண்டிருந்தபோது மழையில் நனைந்து, சில நாட்களில் இறந்தார்.

முப்பது ஆண்டுகள் கழித்து ஹைதராபாத்திலும் பூகெரோவே ஜெயித்தார்.

அம்ரிதா அங்கிருந்து மேலும் தெற்கே போனார். மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவரோவியங்கள், கன்னியாகுமரி. சிம்லா திரும்பி 1937ல் வரைந்தவற்றில் ஒன்று 'பிரம்மச்சாரிகள்'. செம்மண் நிறப் பின்னணியில் வெள்ளை வேட்டியும் பூணூலுமாக ஐந்து பேர். அஜந்தாவின் சாந்தமும் செஸானின் கனமும் அதில் சேர்ந்தே உட்கார்ந்திருக்கின்றன. படம் இப்போது டெல்லி தேசிய நவீனக் கலைக்கூடத்தில்.

1941 டிசம்பரில், 28 வயதில், லாகூரில் அம்ரிதா இறந்தார். நவாப் திருப்பி அனுப்பியதற்கு அடுத்த ஆண்டு அவர் வரைந்த 'கதை சொல்பவர்' 2023ல் ஏலத்துக்கு வந்தது. போன விலை 61.8 கோடி ரூபாய்.