எலிக்கு இழுப்பு வருமா?

பனிக்காலம் பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் எவருக்கும் முழு உறக்கம் கிடையாது. அம்மாவுக்கு ஆஸ்துமா. இரவு இரண்டு மணிக்கு மேல் இழுப்பு தொடங்கும். சுவரில் தலையணையைச் சாய்த்து, வாயைத் திறந்து, தோள்கள் ஏறி இறங்க அவள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தே வளர்ந்தவள் நான்.

முதுகலை விலங்கியல் இரண்டாம் ஆண்டில், துறைக் கருத்தரங்கில் பேச ஒரு பொருளைத் தேர்ந்தெடுக்குமாறு பேராசிரியர் பணித்தார். ‘ஆஸ்துமா ஆராய்ச்சியில் சுண்டெலி’ என்று எழுதிக் கொடுத்தேன். மாலையில் வீட்டில் சொன்னதும் அம்மா சிரித்துவிட்டாள்.

“ஏன்டி, எலிக்குக்கூடவா இழுப்பு வரும்?”

“வராமலா ஆராய்ச்சி பண்றாங்க?” என்றேன், படித்தவள் என்ற மிடுக்கோடு. இரண்டு வாரம் படித்த பிறகுதான் அம்மாவின் கேள்வி எவ்வளவு சரியானது என்பது விளங்கிற்று. எலிக்கு ஆஸ்துமா தானாக வருவதில்லை, வரவழைக்கிறார்கள்.

கோழிமுட்டையின் வெள்ளைக்கருவில் உள்ள ஓவால்புமின் என்னும் புரதத்தை அலுமினிய உப்போடு கலந்து எலியின் வயிற்றறைக்குள் ஊசியால் செலுத்துகிறார்கள். ஒன்றிரண்டு வாரம் கழித்து மீண்டும் ஓர் ஊசி. எலியின் உடல் அப்புரதத்தைப் பகையாகக் கருதப் பழகிவிடும். பின்னர் அதே புரதத்தை நுண்துளிகளாக்கிச் சுவாசிக்கச் செய்தால் நுரையீரலில் ஈசினோபில் அணுக்கள் திரளும், சளி பெருகும். மெத்தகோலின் என்னும் மருந்தை முகரச் செய்தால் மூச்சுக்குழல் மிகையாகச் சுருங்கும். மனிதருக்கு இழுப்பைத் தருவது பெரும்பாலும் முட்டை அன்று என்பதால், வீட்டுத் தூசியில் வாழும் நுண்ணிய உண்ணிகளின் சாற்றை எலியின் மூக்கில் விடும் முறையும் பின்னாளில் பரவியது.

எலி மூக்கால் மட்டுமே மூச்சு விடும் பிராணி. அம்மாவைப்போல் வாயைத் திறந்து காற்றுக்குத் தவிக்காது. முட்டைப் புரதத்தை வாரக்கணக்கில் தொடர்ந்து முகரச் செய்தால் அதன் உடல் பொறுத்துக்கொள்ளப் பழகி, அழற்சி தணிந்துவிடுவதுண்டு. அம்மாவுக்கு இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தணியவில்லை!

தலைப்பை மாற்றிவிடலாமா என்றுகூட எண்ணினேன். அப்போதுதான் இன்டர்லூக்கின்-5 என்னும் புரதத்தின் கதை கண்ணில் பட்டது. ஈசினோபில் அணுக்கள் பெருகுவதற்கு வேண்டிய புரதம் இது. இதை உண்டாக்க இயலாத எலிகளைக் கொண்டு ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் நடத்திய சோதனை 1996-இல் வெளியாயிற்று. அந்த எலிகளிடம் ஈசினோபில் திரளவில்லை. மூச்சுக்குழலும் மிகையாகச் சுருங்கவில்லை. நோயின் ஆணிவேரே அகப்பட்டதுபோல் தோன்றியது. ஆனால் 2000-இல் வெளியான ஆய்வில், இப்புரதத்தைத் தடுக்கும் மருந்தை இலேசான ஆஸ்துமா உள்ளவர்களுக்குக் கொடுத்தபோது, ஈசினோபில் குறைந்ததே தவிர மூச்சுக்குழல் சுருங்குவது குறையவில்லை.

எலி ஏமாற்றிவிட்டதா? 2009-இல் இங்கிலாந்தின் லெஸ்டரிலிருந்தும் கனடாவின் ஹாமில்டனிலிருந்தும் இரண்டு ஆய்வுகள் வந்தன. கடும் ஆஸ்துமாவும் குறையாத ஈசினோபிலும் உடையவர்களை மட்டும் தெரிந்தெடுத்து அதே மருந்தைக் கொடுத்திருந்தார்கள். நோய் திடீரென முற்றும் தடவைகள் குறைந்தன. ஆயினும் லெஸ்டர் ஆய்வில் மூச்சுக்குழலின் சுருங்கும் இயல்பு அப்போதும் மாறவில்லை. எலி பாதி சரியாகச் சொல்லியிருந்தது. எந்தப் பாதி என்று அறிய இத்தனை ஆண்டுகள் ஆயின. மெப்போலிசுமாப் என்ற அம்மருந்துக்கு 2015-இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது.

இதைச் சொன்னபோது அம்மா பீரோவிலிருந்து மஞ்சள் பையை எடுத்து வந்தாள். அதனுள் பல ஆண்டுகளின் இரத்தப் பரிசோதனைத் தாள்கள். “எனக்கும் இந்த ஈசினோபில் ஜாஸ்தின்னுதான் டாக்டர் சொன்னார். அந்த ஊசி எனக்கு ஆகுமாடி?”

நாள்தோறும் உறிஞ்சும் மருந்துக்கும் அடங்காதவர்களுக்கே அந்த ஊசி என்றேன். விலையைச் சொல்லவில்லை. “நீ உன் மருந்தைத் தினமும் உறிஞ்சுறியாம்மா?” என்று கேட்டேன். பதில் இல்லை. எழுந்துபோய்ச் சமையலறை அலமாரியைத் திறந்தேன். மிளகாய்த்தூள் டப்பாவின் பின்னால், அழற்சியைத் தணிக்கும் மருந்து இருந்தது, உறையே பிரிக்கப்படவில்லை. இழுப்பு வந்தால் உடனே அடக்கும் மற்றொரு குழலை மட்டுமே அவள் பயன்படுத்தி வந்திருக்கிறாள். ‘பழகிவிடும்’ என்ற பயம். கல்யாண வீட்டில் நாலு பேர் பார்ப்பார்களே என்ற கூச்சம் வேறு. என்மேல்தான் எனக்குக் கோபம் வந்தது. எலியின் நுரையீரலைப் பற்றி இரண்டு வாரம் படித்தவள், இந்த அலமாரியை ஒரு நாளும் திறந்து பார்க்கவில்லையே!

கருத்தரங்கில் தங்கு தடையின்றிப் பேசினேன், ஓரிடம் தவிர. சோதனை முடிந்ததும் எலியைக் கொன்று, நுரையீரலை உப்புநீரால் கழுவி, அந்நீரிலுள்ள அணுக்களை எண்ணுகிறார்கள் என்று சொல்ல வேண்டிய இடத்தில் குரல் தடுமாறிற்று. அது தேவைதான் என்று நம்புகிறேன். ஆனாலும் தடுமாறிற்று.

அன்றிரவு அடுக்களையில் எலிப்பொறி ‘டப்’பென்று விழுந்தது. வழக்கம்போல் அப்பா வாளித் தண்ணீரை நோக்கி நடந்தார்.

“அதைக் கொல்லாதீங்க. வாய்க்கால் பக்கம் விட்டுட்டு வாங்க” என்றாள் அம்மா. பிறகு என் பக்கம் திரும்பி, அந்தப் புதுக் குழலை நீட்டினாள். “இதை எப்படி உறிஞ்சணும்? காட்டு.”