இறக்கத்தில் மீளும் மின்சாரம்

மலைநாட்டில் வண்டியோட்டும் எவரும் அறிந்த உண்மை ஒன்றுண்டு: ஏற்றத்தில் எரித்த பெற்றோலை இறக்கம் திருப்பித் தருவதில்லை. பல்லேபொலவிலிருந்து மாத்தளை வழியாகக் கண்டிக்குப் போகையில் பலகடுவ வளைவுகளில் இயந்திரம் மூச்சு வாங்க ஏறுகிறது. திரும்புகையில் அந்த உயரம் முழுவதையும் பிறேக் வெப்பமாக்கிக் காற்றில் விட்டுவிடுகிறது. சக்கரத்தில் எழும் கருகல் வாடை நாம் காசு கொடுத்து வாங்கிய சக்தியின் வாடைதான்.

மின்கார் இந்த விரயத்தை ஓரளவு தடுக்கிறது. இறக்கத்தில் அதன் மோட்டாரே மின்பிறப்பாக்கியாக மாறிப் பற்றரியை நிரப்புகிறது. நமக்கு இது விந்தையன்று. பொல்கொல்லையில் திருப்பப்பட்ட மகாவலி நீர், சுரங்கவழி வந்து உக்குவெலவில் விழுந்து 1976 முதல் மின்சாரம் தருகிறதே, அதே நியாயந்தான். 1500 கிலோ நிறையுள்ள கார் 100 மீற்றர் உயரம் ஏறுவதற்கு, உராய்வு நீங்கலாக, ஏறத்தாழ 0.4 அலகு வேண்டும். இறங்கும்போது அதில் பாதிக்குமேல் மீளும். சமதரையில் ஒன்றரைக் கிலோமீற்றர் ஓட அது போதும். ஆனால், குன்றின்மேல் குடியிருப்பவர் இரவெல்லாம் பற்றரியை நிரப்பிவிட்டுக் காலையில் இறங்கினால், மீளும் மின்சாரத்துக்கு அங்கே இடமிராது. விற்பவர்கள் இதை விளம்பரத்தில் எழுதுவதில்லை!

2022இல் பெற்றோல் வரிசையில் இரவு பகலாக நின்றவர்களுள் நானும் ஒருவன். எங்களைக் கடந்து ஓசையின்றிப் போன பழைய நிசான் லீஃப் ஒன்றைப் பார்த்துப் பெருமூச்சு விட்டோம். அந்த ஆண்டு மார்ச் இறுதியில் மின்வெட்டு 13 மணித்தியாலத்தை எட்டியபோது அதன் சொந்தக்காரரும் பெருமூச்சு விட்டிருப்பார்.

2025 பெப்ரவரியில் கார் இறக்குமதி மீண்டும் திறந்தது. யாருக்காக? மின்விளக்குக்கென்று இழுத்த கம்பியோடு இருக்கும் லயத்து அறையில் காருக்கு மின்னேற்றுவது எங்ஙனம்? காரையே கனவிலும் காணாதவர்க்கு இக்கேள்வி கேலியாகக்கூடத் தோன்றும்.

ஆகவே நான் பஸ்ஸைப் பற்றி யோசிக்கிறேன். நிறை கூடக் கூட மீட்சியும் கூடும்: பத்துத் தொன் பஸ் அதே 100 மீற்றர் ஏற 2.7 அலகு வேண்டும். இறக்கத்தில் அதில் பாதிக்குமேல் பற்றரிக்கு வரும். மாத்தளைப் பள்ளத்தாக்கில் இரவில் மின்னேற்றி, காலையில் மேலேறும் பஸ்ஸின் பற்றரியில், உச்சியை அடைகையில், இடமும் இருக்கும். மாலையில் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு வீடு திரும்பும் என் மாணவர்களுக்கு முதலில் வேண்டியது அப்படியொரு பஸ். அடுத்த வேண்டுகோள், அதில் நிற்க இடம்.