நான்கு உதிரிகள்

சென்ற ஆண்டின் இறுதியில், நான் படித்த பாடசாலையின் பழைய மாணவர் சிலர் அதன் விளையாட்டு வரலாற்றைத் தொகுக்க விரும்பி, களஞ்சிய அறையில் கிடந்த துடுப்பாட்டப் புள்ளிப் புத்தகங்களை அட்டைப் பெட்டியொன்றில் கட்டி எனக்கு அனுப்பிவைத்தார்கள். தமிழ் கற்பிக்கும் விரிவுரையாளனுக்கு இவ்வேலை எதற்கு என்று நண்பர்கள் கேட்கக்கூடும். அவற்றுள் 1997-98 பருவத்தின் புத்தகம் என் கையெழுத்தில் உள்ளது. அந்தப் பருவத்தில் எங்கள் முதல் அணிக்குப் புள்ளி பதிந்தவன் நான். மட்டையைப் பிடிக்கத் தெரியாதவனுக்கு மைதானத்தில் கிடைக்கக்கூடிய ஒரே நாற்காலி அது.

கண்டியில் வளர்ந்த ஆண்பிள்ளைகளுக்கு ஆண்டு என்பது இரண்டு பருவங்களால் ஆனது. செப்டெம்பரில் தொடங்கும் துடுப்பாட்டம் மார்ச்சில் பெருஞ்சமருடன் முடியும். இரண்டாம் தவணையில் அதே மைதானத்தில் வெள்ளைக்கோடுகள் இடம் மாறும். றக்பிக் கம்பங்கள் எழும்பும். கொழும்பில் றோயல், சென் தோமஸ் கல்லூரிகளின் சமர் 1880 முதலும், யாழ்ப்பாணத்தில் மத்திய கல்லூரி, சென் ஜோன்ஸ் கல்லூரிகளின் சமர் 1904 முதலும் வருபவை. றக்பியில் மட்டும் கண்டி தன்னை மூத்தது என்று சொல்லிக்கொள்ளும். 1891இல் கிங்ஸ்வூட் கல்லூரியைத் தொடங்கிய எல். ஈ. பிளேஸ் அவ்விளையாட்டைத் தம் மாணவர்களுக்கு அறிமுகப்படுத்தினார். 1906இல் போகம்பறை மைதானத்தில் கிங்ஸ்வூட்டும் திரித்துவக் கல்லூரியும் மோதியதே இந்நாட்டின் முதலாவது பாடசாலை றக்பிப் போட்டி. பெரும்பாலும் ஒரே பையன்கள்தாம் இரண்டு விளையாட்டையும் ஆடினார்கள். மார்ச்சில் வெண்ணிற உடையில் நின்றவன் மே மாதத்தில் சேற்றில் கிடப்பான்.

என் வகுப்பு நண்பன் ஒருவன் துடுப்பாட்டத்தில் விக்கெட் காப்பாளன், றக்பியில் ஹூக்கர். குட்டையானவன், தோள் அகன்றவன். தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்தான். அணியில் தமிழன் அவன் ஒருவனே; அணியோடு போகும் தமிழன் நான் ஒருவனே. அவன் செய்த இரண்டு வேலைகளும் ஒரே இயல்பின என்பது அப்போது எனக்குப் புலப்படவில்லை. விக்கெட் காப்பாளன் ஒரு நாளில் நூற்றுக்கணக்கான பந்துகளைப் பிடிப்பான். அவற்றுள் ஒன்றுகூடப் புத்தகத்தில் ஏறாது. அவன் தவறவிட்ட பந்து மட்டும் 'பை' என்ற தலைப்பின்கீழ் ஏறும். ஹூக்கரோ ஸ்க்ரம்மின் நடுவில், இரண்டு ப்ரொப்புகளின் தோள்களில் கைகளைப் போட்டுத் தொங்கியபடி, காலால் பந்தைப் பின்னே தள்ளுவான். கை இரண்டும் அவனுக்கு இல்லை. பக்கத்தில் இருப்பவர்கள் தாங்கவேண்டும். மேலிருந்து பார்ப்பவருக்கு அவன் முகம்கூடத் தெரியாது.

புள்ளி பதியும் முறையை எனக்குக் கற்பித்தவர் பயிற்றுநர். அதன் ஒழுக்கத்தைக் கற்பித்தவர் அப்பா. அவர் ஒரு புடவைக்கடையில் கணக்கு எழுதியவர். புள்ளிப் புத்தகத்தைக் காட்டியபோது ஆர்வத்துடன் புரட்டினார். துடுப்பாட்ட வீரர்களின் ஓட்டங்களோடு உதிரிகளைக் கூட்டினால், பந்துவீச்சாளர் கொடுத்த ஓட்டங்களோடு பையையும் லெக் பையையும் கூட்டிய தொகைக்குச் சமமாக வரவேண்டும். "இதுவும் பேரேடுதான்" என்றார். பின்னர் இரண்டு விதிகளைச் சொன்னார். கணக்கு இடித்தால் அன்றிரவே தேடு. பிழை எழுதிவிட்டால் சுரண்டாதே. ஒற்றைக் கோட்டால் வெட்டு, கீழே இருப்பது தெரியவேண்டும்.

1998 ஜனவரி எங்களுக்கு நன்றாகவே தொடங்கியது. அஸ்கிரிய மைதானத்தில் சிம்பாப்வேக்கு எதிரான டெஸ்ட். கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் படித்த முத்தையா முரளிதரன் தன் சொந்த ஊரில் 12 விக்கெட்டுகளை வீழ்த்தினார். முரளி வேகப்பந்திலிருந்து சுழலுக்கு மாறியது பாடசாலைக் காலத்தில், பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோவின் சொற்படி என்ற கதை கண்டியில் எல்லாப் பாடசாலைகளுக்கும் தெரியும். அந்த வாரம் வலைப்பயிற்சியில் எல்லாரும் மணிக்கட்டைத் திருகிக்கொண்டிருந்தார்கள்.

ஜனவரி 25, ஞாயிற்றுக்கிழமை காலை, தலதா மாளிகையின் வாசலில் குண்டு வெடித்தது. பலர் இறந்தார்கள். சுதந்திரத்தின் ஐம்பதாவது ஆண்டு விழா பெப்ரவரி 4ஆம் திகதி கண்டியில் நடக்கவிருந்தது. அது கொழும்புக்கு மாற்றப்பட்டது. அப்பாவின் கடை சில நாள்கள் திறக்கவில்லை. எங்கள் வீட்டில் வானொலியைக்கூடத் தாழ்ந்த குரலில் வைத்தோம். பாடசாலை மீண்டும் தொடங்கிய பின் யாரும் எங்களை எதுவும் சொல்லவில்லை. எதுவும் சொல்லாமலிருக்க எல்லாரும் கவனமாயிருந்தார்கள் என்பதுதான் தெரிந்தது.

பெப்ரவரியில் ஒரு போட்டி, எங்கள் மைதானத்திலேயே. நண்பன் அன்று அவனாக இல்லை. காலுக்கு வெளியே போன இரண்டு பந்துகள் அவனைத் தாண்டி எல்லைக்கு ஓடின. இரண்டையும் பை என்று பதிந்தேன். மூன்றாவதும் போயிற்று. நடுவர் விரித்த கையைத் தலைக்குமேல் உயர்த்தினார். அந்நேரம் எனக்குப் பின்னால், கூடாரத்துக்குள், எங்கள் அணியின் பன்னிரண்டாமவன் சிங்களத்தில் ஒன்று சொன்னான். அவன் இன்று எந்தப் பக்கத்துக்காக விக்கெட் காக்கிறான் என்பது அதன் பொருள். சிலர் சிரித்தார்கள். சாதாரண நாளில் அது சாதாரணக் கேலி. அன்று அப்படியல்ல என்பதைச் சிரிப்பு சட்டென்று நின்ற விதத்திலேயே அறிந்தேன்.

நான் திரும்பவில்லை, வாய் திறக்கவில்லை. பேனாவை எடுத்து அந்த நான்கு ஓட்டங்களை லெக் பை என்ற வரியில் எழுதினேன். லெக் பை, துடுப்பாட்ட வீரரின் உடலில் பட்டுச் சென்றது. காப்பாளன் கணக்கில் வராது. இரண்டு புத்தகங்களும் ஒத்திருக்கவேண்டும் என்பதால் எதிரணியின் புள்ளிப்பதிவாளன் என் அருகிலேயே அமர்ந்திருந்தான். நடுவர் கையை உயர்த்தினாரேயன்றி முழங்காலைத் தொடவில்லை என்பது அவனுக்குத் தெரியும். என் எழுத்தைப் பார்த்தான். என் முகத்தைப் பார்த்தான். தானும் அப்படியே எழுதிக்கொண்டான். மாலையில் கூட்டிப் பார்த்தோம். கணக்கு இடிக்கவில்லை. பொய் எழுதினாலும் கணக்கு ஒத்துவரும் என்று அன்று கற்றேன்.

விடுதி வாசலில் நண்பன் வழக்கம்போலப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தான். விரல் அந்த வரியில் நின்றது.

"டேய், மூணாவது பை எங்க?"

நான் எதையோ முணுமுணுத்தேன்.

"அது நான் விட்டது. என் பேர்ல எழுது. இன்னைக்கு நீ பாவம் பார்த்து எழுதினா, நாளைக்கு நான் பிடிக்கிறதையும் பாவம் பார்த்து எழுதினதுன்னுதான் சொல்லுவானுங்க."

திருத்துகிறேன் என்றேன். எதிரணியின் புத்தகம் அவர்களுடைய பஸ்ஸில் போய்விட்டிருந்தது. ஒன்றில் மட்டும் திருத்தினால் இரண்டும் முரண்படும் என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையில், அவனுக்கு நேர்ந்த அவமதிப்பைக் கேட்டும் கேளாதவன்போல் இருந்ததற்கு நான் கொடுத்த கூலிதான் அந்த நான்கு ஓட்டங்கள். மார்ச் மாதப் பெருஞ்சமரில் அவன் மூன்று பிடிகள் எடுத்தான். சுழற்பந்தில் ஒருவனை ஸ்டம்ப் செய்தான். எல்லாவற்றையும் அழுத்தி எழுதினேன். அவன் புத்தகத்தை வாங்கிப் பார்க்கவில்லை.

றக்பிப் பருவம் வந்தது. கூடாரத்தில் அந்தச் சொல்லைச் சொன்னவன்தான் இடப்புற ப்ரொப். பருவம் முழுவதும் நண்பன் அவன் தோளில்தான் தொங்கினான். ஸ்க்ரம் சரிந்தால் முதலில் முறிவது ஹூக்கரின் கழுத்து. ஒருமுறையும் அந்தத் தோள் அவனை விடவில்லை. ஒரு மனிதனின் வாயும் தோளும் இருவேறு ஆள்களாக இருக்கமுடியும் என்பதை ஏற்றுக்கொள்ள எனக்கு வெகுகாலம் பிடித்தது.

ஜூனில் கொழும்புக்குப் போட்டிக்குப் போனோம். தண்ணீர்ப் போத்தல்களும் கட்டுத்துணிகளும் என் பொறுப்பு. நகரம் நெருங்கும் இடத்தில், சோதனைச் சாவடியில் பஸ் நிறுத்தப்பட்டது. அடையாள அட்டைகளை வாங்கிப் பார்த்தவர், எங்கள் இருவரை மட்டும் இறங்கச் சொன்னார். இறங்கி வீதியோரம் நின்றோம். சற்று நேரத்தில் ப்ரொப் இறங்கினான். கால் மரத்துவிட்டது, நீட்டவேண்டும் என்று யாருக்கோ சொல்வதுபோல் உரக்கச் சொல்லிக்கொண்டு எங்கள் அருகில் வந்து நின்றான். அடுத்து அணித் தலைவன். பிறகு ஒவ்வொருவராக எல்லாரும். யாரும் யாரையும் எதிர்க்கவில்லை. யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு றக்பி அணி வெயிலில் காலை நீட்டிக்கொண்டு நின்றது, அவ்வளவுதான். அவர்கள் நிற்க விரும்பி நின்றார்கள். நாங்கள் நிற்கச் சொல்லப்பட்டு நின்றோம். அந்த வேறுபாடு அழியவில்லை. ஆனாலும் பாவம் பார்ப்பதற்கும் பக்கத்தில் நிற்பதற்கும் இடையிலுள்ள தூரத்தை அந்த வீதியோரத்தில்தான் கண்டேன். நான் செய்தது முன்னது. அட்டைகள் திரும்பிவந்தன. அன்று தோற்றோம்.

ஆகஸ்ட் இறுதியில் ஓவல் டெஸ்ட். முரளி இங்கிலாந்தின் 16 விக்கெட்டுகளை வீழ்த்தினார். விடுதியில் இரைச்சல், எங்கள் கண்டிப் பையன் என்று ப்ரொப் நண்பனைத் தூக்கிச் சுற்றினான். நண்பனும் சிரித்தான். பதினாறு விக்கெட் எடுப்பவனை நம்மவன் என்பது எளிது. மூன்று பை விட்டவனை, அந்த மூன்றோடும், நம்மவன் என்பதே கடினம்.

புறத்திணை கற்பிக்கும்போது நடுகல்லுக்குரிய துறைகளை விளக்குவேன். கல்லைத் தேர்வது முதல் வாழ்த்துவது வரை அவை வரிசையாக வரும். அந்த வேளைகளில் எங்கள் பாடசாலை மண்டபத்தின் தேக்குப் பலகைகள் நினைவுக்கு வரும். பொன்னெழுத்தில் தலைவர்களின் பெயர்கள். என் நண்பனின் பெயர் அங்கே இல்லை. அவன் பெயர் இருப்பது இந்தப் பழுப்பேறிய புத்தகங்களில் மட்டும். ஆகவே அவை சரியாக இருக்கவேண்டும்.

பெட்டி வந்த இரவு அவனுக்குத் தொலைபேசினேன். இப்போது வேறொரு நாட்டில் இருக்கிறான், பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். பெப்ரவரிப் போட்டியின் பக்கம் என் முன்னால் இருக்கிறது என்றேன். நீண்ட அமைதிக்குப் பின் கேட்டான்: "இன்னும் மாத்தலையா நீ?"

அப்பா காலமாகி ஆண்டுகள் பல ஆகின்றன. அவர் சொன்னபடி சுரண்டவில்லை. லெக் பை வரியிலுள்ள 4ஐ ஒற்றைக் கோட்டால் வெட்டி, மேல்வரியில் பை என்ற இடத்தில் 4 எழுதி, பக்கத்தில் என் சுருக்கொப்பமும் அன்றைய திகதியும் இட்டேன். பழைய எண் கோட்டின்கீழ் தெரிகிறது. பிறகு வழக்கப்படி இரண்டு பக்கத்தையும் கூட்டிப் பார்த்தேன். மொத்தம் மாறவில்லை.