சாச்சி கேட்காத கேள்வி



போன கிழமை தரம் 6 பெண் பிள்ளைகளிடம் எச்.பி.வி. தடுப்பூசிக்கான சம்மதக் கடிதம் கொடுத்தனுப்பினேன். 31 கடிதம். அதில் 9 கையெழுத்தில்லாமல் திரும்பி வந்தது.

ஒரு உம்மா நேரிலேயே வந்தார். "டீச்சர், இது பிழையான வழியில போற பொம்புளைகளுக்கு வாற வருத்தமாமே. என்ட மகளுக்கு என்னத்துக்கு ஊசி?"

அவருக்கு என் சாச்சியின் கதையைச் சொன்னேன். சாச்சியின் மகளிடம் கேட்டுவிட்டு இங்கும் எழுதுகிறேன்.

சாச்சி ஐந்து நேரத் தொழுகையைத் தவறவிடாதவர். மாதவிடாய் நின்று நாலைந்து வருசத்துக்குப் பிறகு மீண்டும் இரத்தம் படத் தொடங்கியது. கூடப்பிறந்த என் உம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. ஓதிக்கொடுக்கும் ஆலிமாவிடம் மட்டும், "இப்படி இருந்தா தொழலாமா?" என்று கேட்டிருக்கிறார். "சுத்தம் செஞ்சு ஒவ்வொரு பர்ளுக்கும் வுழூ எடுத்துத் தொழுங்க" என்று அவர் சரியாகத்தான் சொன்னார். ஆனால் அந்த இரத்தம் ஏன் வருகிறது என்று சாச்சி யாரிடமும் கேட்கவில்லை. உடம்புச் சூடு என்று வெந்தயம் ஊறவைத்துக் குடித்தார். ஒரு வருசம் போனது. இடுப்பு வலி தாங்காமல் வைத்தியசாலைக்குப் போனபோது கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் முற்றியிருந்தது. அடுத்த நோன்புக்கு அவர் இல்லை.

என் சாச்சி எந்தப் பிழையான வழியிலும் போகவில்லை. இந்த வைரஸ் தாம்பத்திய உறவில் தொற்றுகிற மிகச் சாதாரணமான ஒன்று. திருமணமான எந்தப் பெண்ணுக்கும் வரலாம். பெரும்பாலும் தானாகவே போய்விடும். சிலருக்கு மட்டும் உள்ளே தங்கி, பல வருசத்தில் புற்றாக மாறும். அந்த வருசங்கள் அல்லாஹ் தந்த அவகாசம். பெப் பரிசோதனை செய்தால், புற்றாக மாறும் முன்பே கண்டுபிடித்துச் சுகப்படுத்தலாம்.

நானும் பெரிய ஆளில்லை. 35 வயதில் மருத்துவிச்சி மிஸ் வீடு தேடி வந்து சொல்லியும் நான் கிளினிக்குக்குப் போகவில்லை. லீவு இல்லை என்றேன். உண்மையில் வெட்கம். சாச்சி மௌத்தான பிறகுதான் போனேன். திரைக்குப் பின்னால் ஐந்து நிமிடம். செய்தவரும் ஒரு பெண்தான். ஒரு சதமும் செலவில்லை.

ஊசி போட்டால் பிள்ளை தங்காது என்பதும் வெறும் கதை. 2017 முதல் நாடு முழுவதும் எல்லா இனப் பிள்ளைகளுக்கும் போடுவது இதே ஊசிதான். சிறு வயதில் போடுவதில்தான் முழுப் பலன்.

அந்த உம்மா கையெழுத்து வைத்துவிட்டு வாசல் வரை போய்த் திரும்பி வந்தார். மெல்லிய குரலில், "டீச்சர், அந்தக் கிளினிக் என்ன நாளையில?" என்றார். கூடவே போவதாகச் சொல்லியிருக்கிறேன்.

இன்னும் 8 கடிதம் வரவேண்டும். இதை வாசிக்கும் வாப்பாமாரே, வீட்டில் ஒருக்கா நீங்களே பேச்சை எடுங்கள். அவர்களாக வாய் திறக்க மாட்டார்கள்.

சாச்சிக்காக துஆ செய்யுங்கள்.