பெயரைச் சொல்லக் கொஞ்சம் நேரம் கொடுங்கள்

பூதலூரிலிருந்து தஞ்சாவூருக்கும் திருச்சிக்கும் நேர்காணலுக்காக ரயில் ஏறும் தம்பி தங்கைகளில், திக்கிப் பேசுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் திக்கிப் பேசுகிறவன்.

முதல் கேள்வியே பெயர்தான். நமக்கு மிகக் கடினமானதும் அதுதான். வேறு சொல் சிக்கினால் இன்னொரு சொல்லுக்குத் தாவலாம்; பெயருக்கு மாற்று கிடையாது. எதிரே இருப்பவர் "என்ன, பயமா?" என்பார். பதற்றம் திக்கலைக் கூட்டும், உண்மை. ஆனால் வேர் அது இல்லை. பேச்சை மூளை ஒருங்கிணைக்கும் விதத்திலும் மரபணுவிலும் இருக்கிறது. திக்கலோடு தொடர்புள்ள மரபணு மாற்றங்களை 2010இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். பெரியவர்களில் நூற்றில் ஏறக்குறைய ஒருவருக்குத் திக்கல் உண்டு.

டிஎன்பிஎஸ்சி குரூப் 4க்கு நேர்காணல் இல்லை. அந்த வேலை பிடித்திருந்தால் எழுதுங்கள். ஆனால் பேசப் பயந்து அதை மட்டும் எழுதி, ஆசைப்பட்ட வேறு வேலையை விட்டுவிடாதீர்கள்.

எனக்கு உதவியதைச் சொல்கிறேன். உட்கார்ந்ததும், "எனக்குத் திக்கும் சார். பதில் தெரியும், சொல்லி முடிக்கக் கொஞ்சம் நேரம் கொடுங்க" என்று சொல்லிவிடுவேன். மறைக்கிற பாரம் இறங்கினாலே பாதி இறுக்கம் போய்விடும். இந்தியத் திக்குவாயர் சங்கமான 'டிசா'வின் சுய உதவிக் குழுக்களிலும் பேசிப் பழகலாம்.

நேர்காணல் நடத்துகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். எங்கள் வாக்கியத்தை நீங்கள் முடித்து வைக்காதீர்கள், கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். என்ன சொல்கிறோம் என்பதற்கு மதிப்பெண் போடுங்கள், எவ்வளவு வேகமாகச் சொல்கிறோம் என்பதற்கு வேண்டாம்.