ஸாண்டிகேட் மைதானத்து மத்தியஸ்தர்

என் பாட்டனாரிடம் ஒரு பேனாக்கத்தி இருந்தது. அதன் அலகில் பொறித்திருந்த ‘ஷெபீல்டு’ என்ற பெயரே நான் முதன்முதலில் எழுத்துக் கூட்டிப் படித்த ஆங்கிலச் சொல் என்று வீட்டில் சொல்லுவார்கள். அப்பெயருக்குரிய ஊரை நேரில் காணும் பாக்கியம் நாற்பது வயதைக் கடந்த பிறகு, 2023-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், எனக்குக் கிட்டியது. அங்கே சர்வகலாசாலையில் படித்துக்கொண்டிருந்த என் தமக்கை மகன் ரயிலடிக்கு வந்து அழைத்துச் சென்றான்.

ஷெபீல்டு மேடும் பள்ளமுமான ஊர். எந்தத் தெருவில் நடந்தாலும் ஒன்று மூச்சு வாங்க ஏற வேண்டும். இல்லையேல் முழங்காலைக் காத்துக்கொண்டு இறங்க வேண்டும். கத்திக்கும் எஃகுக்கும் பேர்போன இவ்வூரில்தான் 1913-இல் ஹாரி பிரியர்லி என்பவர் துருப்பிடிக்காத எஃகை உருக்கி எடுத்தார். நம் அடுக்களையில் அடுக்கி வைத்திருக்கும் எவர்ஸில்வர் பாத்திரங்கள் அதன் சந்ததியே அல்லவா?

“மாமா! நாளைக்குச் சனிக்கிழமை. எல்லாரும் பெரிய பெரிய ஸ்டேடியம் பார்க்கப் போவார்கள். நான் உங்களை ஒரு சின்ன மைதானத்துக்கு அழைத்துப் போகிறேன். வாத்தியாருக்கு அதுதான் பொருத்தம்” என்றான் மருமகன். அவன் கேலியாகச் சொன்னானோ, மரியாதையாகச் சொன்னானோ, நான் விசாரிக்கவில்லை.

இங்கிலாந்தின் கால்பந்துக் கிளப்புகளில் பிரீமியர் லீக்கிலும் அதன் கீழுள்ள மூன்று பிரிவுகளிலுமாக 92 கிளப்புகள் ஆடுகின்றன. அந்த வட்டத்துக்கு வெளியே உள்ள ஏராளமான சிறு கிளப்புகளை ‘லீக்கில் சேராதவை’ என்று பொதுவாகச் சொல்லுகிறார்கள். நாங்கள் போன ஹாலம் கிளப் அத்தகையது. ஆனால் அதன் வயதைக் கேட்டால் பெரிய கிளப்புகள் பலவும் எழுந்து நின்று வணங்க வேண்டும். அது தோன்றிய ஆண்டு 1860. அவ்வாண்டு டிசம்பர் 26-இல், 1857-இல் தோன்றிய ஷெபீல்டு கிளப்புடன் இதே ஸாண்டிகேட் மைதானத்தில் அது மோதியது. உலகில் இரு கால்பந்துக் கிளப்புகள் தம்முள் பொருதிய முதல் ஆட்டம் அதுவே என்கிறார்கள். உலகத்திலேயே மிகப் பழைய கால்பந்து மைதானம் என்று கின்னஸ் நூலும் இதனை ஏற்றிருக்கிறது.

இத்தனை பெருமையுள்ள இடம் எப்படி இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? நம் தாலூகா ஹைஸ்கூல் மைதானத்துக்குப் பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் இருந்தது. அதுவும் சமதளமன்று, சரிவாக இருந்தது. கம்பி அழியில் சாய்ந்துகொண்டு கிழவர்களும், குழந்தைகளும், நாயைப் பிடித்தவர்களும் நின்றார்கள். ஆட்டக்காரர்கள் மூச்சு விடுவதுகூடக் காதில் விழும் தூரம்.

எல்லாரும் பந்தைப் பார்த்தார்கள். பழக்க தோஷத்தால் நான் மத்தியஸ்தரையே பார்த்தேன். பையன்களுக்கு நடுவே விசிலும் கையுமாக நிற்கும் மனிதனிடம் வாத்தியாருக்கு ஓர் இனப்பற்று உண்டு.

ஆதி காலத்தில் இந்த ஆட்டத்துக்கு மத்தியஸ்தரே கிடையாது. தகராறு வந்தால் இரு கட்சித் தலைவர்களும் பேசித் தீர்த்துக்கொண்டார்கள். பிறகு கட்சிக்கு ஒருவராக இரண்டு நடுவர்கள் வந்தார்கள். அவர்களுக்குள்ளும் ஒற்றுமை ஏற்படாதபோது, வெளியில் நின்ற மூன்றாமவரிடம் வழக்கை ஒப்படைத்தார்கள். அப்படி ஒப்படைக்கப்பட்டவர் என்பதாலேயே அவருக்கு ‘ரெபரி’ என்று பெயர். 1891-இல் தான் அவர் மைதானத்துக்குள் வந்தார். பழைய நடுவர்கள் இருவரும் கொடியுடன் கோட்டோரத்துக்குப் போனார்கள். ஆட்டத்தில் நிகழ்ந்தவை பற்றி மத்தியஸ்தர் கூறுவதே முடிவு என்பது இன்றுள்ள விதி.

அன்றைய மத்தியஸ்தர் ஏறக்குறைய என் வயதுடையவர். வாரநாட்களில் வேறு வேலை பார்த்துவிட்டு, சனிக்கிழமையில் இத்தொண்டுக்கு வருபவர் என்று மருமகன் சொன்னான். சரிவில் ஏறியும் இறங்கியும் அவர் ஓடிய ஓட்டம் இளைஞர்களுக்குக் குறைந்ததன்று. ஒருவன் தடுக்கப்பட்டும் பந்து அவன் கட்சியிடமே இருந்தால், இரு கைகளையும் முன்னே நீட்டி, ‘ஆடுங்கள்’ என்று விட்டுவிட்டார். குற்றவாளியைத் தண்டிக்கும் ஆவலில், குற்றத்துக்கு ஆளானவனின் ஆதாயத்தைக் கெடுத்துவிடக் கூடாது என்ற தத்துவம் இதில் அடங்கியிருக்கிறது.

முதற் பாதியில் எதிர்க்கட்சி வாலிபன் ஒருவன் அவரை நோக்கித் தகாத சொல் ஒன்றை வீசினான். மஞ்சள் அட்டை வெளிவந்தது. இரு கைகளாலும் கோட்டுக்கு வெளியே சுட்டினார். பத்து நிமிஷம் அவன் ஆடக் கூடாது! மத்தியஸ்தரை அவமதிப்போருக்கு இந்தத் தண்டனையைக் கீழ்ப்பிரிவுகளில் 2019-ஆம் ஆண்டு முதல் விதித்து வருகிறார்கள். பெஞ்சின் மேல் ஏற்றி நிறுத்தும் நம் பழைய தண்டனைக்கு இது தம்பி முறை என்று நினைத்துக்கொண்டேன்.

உண்மையான சோதனை பிற்பாதியின் இறுதியில் வந்தது. இரு கட்சிக்கும் ஒவ்வொரு கோல். உள்ளூர் ஆட்டக்காரன் ஒருவன் பந்தைக் கடத்திக்கொண்டு கோலருகே பாய்ந்தான். ஒரு கால் குறுக்கிட்டது. அவன் விழுந்தான். விசில் ஊதிற்று. மத்தியஸ்தர் பெனால்டிப் புள்ளியைச் சுட்டிக் காட்டினார். அழியோரம் எங்கும் ஆரவாரம்!

ஆனால் கோட்டோரத்தில் லைன்ஸ்மனின் கொடி உயர்ந்தபடி நின்றது. எதிர்க்கட்சியார் மத்தியஸ்தரைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர் உள்ளங்கையைக் காட்டி அனைவரையும் விலக்கிவிட்டு, தனியாக நடந்து போய், லைன்ஸ்மனுடன் அரை நிமிஷம் பேசினார். பெரிய ஆட்டங்களில் இருப்பதுபோல் திருப்பிப் பார்க்கப் படக்கருவி அங்கே இல்லை. ஒருவர் சொல்லை மற்றவர் நம்ப வேண்டியதுதான். திரும்பி வந்தார், ஒரு கையைத் தலைக்கு மேல் உயர்த்தினார். பந்து வருமுன்பே அந்த ஆட்டக்காரன் ‘ஆப்-ஸைடு’ நிலையில் நின்றிருந்தானாம். பெனால்டி ரத்து! பந்து எதிர்க்கட்சிக்கு!

உள்ளூர்க் கூட்டம் ஓலமிட்டது. சொந்த ஊராரின் கோபத்துக்கு நடுவே, தாம் முதலில் சொன்னது தவறு என்று எல்லாரும் அறிய ஒப்புக்கொண்டு அந்த மனிதர் நிமிர்ந்து நின்றார். என் பக்கத்திலிருந்த கிழவர் சற்றுமுன் வாயாரத் திட்டியவர். இப்போது தலையை ஆட்டி, “கேட்கத் தோன்றிற்றே, அதைச் சொல்லு” என்று முணுமுணுத்தார்.

மருமகன் விளக்கினான்: “ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டால் தீர்ப்பை மாற்ற முடியாது, மாமா. அதற்குள்தான் திருத்த வேண்டும்.”

அந்த வார்த்தை என்னைச் சுருக்கென்று தைத்தது. பதினைந்து ஆண்டுகளுக்கு முன், பரீட்சையில் பார்த்து எழுதினான் என்று ஒரு மாணவனை வகுப்பு முழுதும் காண அவமானப்படுத்தினேன். பார்த்து எழுதியவன் பக்கத்துப் பையன் என்பது மறுநாளே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் நான் வாய் திறக்கவில்லை. ஆசிரியருடைய கௌரவம் குறைந்துவிடும் என்று சமாதானம் செய்துகொண்டேன். என் கௌரவத்தைக் காப்பாற்றியது அச்சிறுவனின் தலைகுனிவு.

இங்கிலாந்தில் எல்லாரும் தர்மபுத்திரர் என்று நான் சொல்ல வரவில்லை. சிறு ஆட்டங்களில் மத்தியஸ்தர்கள் வசவும் அடியும் படுவதால், அவர்கள் மார்பில் படக்கருவி பொருத்தும் பரீட்சையை அவ்வாண்டிலேயே அந்நாட்டுக் கால்பந்துச் சங்கம் தொடங்கியிருந்தது. ஆட்டத் திறமையிலும் நாம் எவருக்கும் தாழ்ந்தவரல்லர். 1911-இல் கல்கத்தாவின் மோகன் பகான் வீரர்கள், பெரும்பாலும் வெறுங்காலுடன் ஆடி, இதே யார்க்‌ஷயர் நாட்டின் பெயர் தாங்கிய ராணுவப் படையை 2-1 கோல் கணக்கில் வென்று கேடயத்தைக் கைப்பற்றவில்லையா? அன்று தேசமே தலை நிமிர்ந்தது. ஆனால் சுதந்திரம் பெற்ற ஜனங்களுக்கு வெற்றி பெறும் திறமை மட்டும் போதாது. அதிகாரத்தில் இருப்பவன் தன் பிழையைத் தானே திருத்திக்கொள்ளும் தைரியமும் வேண்டும். அது வகுப்பறையில் தொடங்க வேண்டிய பாடம்.

ஆட்டம் சமமாகவே முடிந்தது. இரு கட்சித் தலைவர்களும் வந்து மத்தியஸ்தரின் கையைக் குலுக்கினார்கள். அவர் தம் பையைத் தாமே தூக்கிக்கொண்டு, மங்கும் வெளிச்சத்தில் மேட்டுத் தெருவில் ஏறிப் போனார்.

அன்றிரவு மருமகனிடம் காகிதமும் பேனாவும் வாங்கி, அந்தப் பழைய மாணவனுக்கு ஒரு கடிதம் எழுதினேன். ஆட்டம் மறுபடி தொடங்கி எத்தனையோ காலமாகிவிட்டது. மைதானத்தின் விதிப்படி என் தீர்ப்பை இனி மாற்ற இயலாது. நல்லவேளையாக, வாழ்க்கைக்கு அந்த விதி கிடையாது.